மூளைக்குள் பரவுகிறது என்றால் தொற்றுநோயா? (தவறாக மடியும் புரதங்கள் பற்றி)

#1 பாதித்தூக்கம்

அப்பாவுக்குப் பார்கின்சன் என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் அக்கா எங்கோ ஒரு கட்டுரை படித்திருக்கிறாள். தவறாக மடிந்த புரதம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போய், அங்கே இருக்கும் நல்ல புரதத்தையும் கெடுக்கிறது என்று அதில் இருந்ததாம். அன்றிலிருந்து தன் மகனை அப்பா மடியில் உட்கார விடுவதில்லை. அப்பாவின் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கவனித்துவிட்டார்.

எனக்கு இரண்டு கேள்வி. இது மனிதருக்கு மனிதர் ஒட்டுமா? ஒட்டாது என்றால் ஏன் "பரவுகிறது" என்று எழுதுகிறார்கள்? அக்காவிடம் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அவளுக்குக் காரணம் வேண்டும். எனக்கும்தான்.

#2 மூளைக்கீற்று

முதல் கேள்விக்கு ஒரே சொல்: ஒட்டாது. தம்ளரை இன்றைக்கே பழைய இடத்தில் வைத்துவிடுங்கள்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். இறந்தவர்களின் மூளையை மெல்லிய கீற்றாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. பார்கின்சன், அல்சைமர் நோயாளிகளோடு ஒரே வீட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த கணவனுக்கோ மனைவிக்கோ அதனால் நோய் தொற்றியதாகச் சான்று இல்லை. தொடுவது, முத்தமிடுவது, எச்சில் எல்லாம் இருக்கட்டும். ரத்தத்தையே ஏற்றிக்கொண்டவர்களின் கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க் நாடுகளின் ரத்ததானப் பதிவேடுகளை வைத்து 2016இல் வந்த ஆய்வு அது. ரத்தம் பெற்றுக்கொண்ட 14 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பார்த்தார்கள். ரத்தம் கொடுத்தவருக்குப் பிற்பாடு அல்சைமரோ பார்கின்சனோ வந்திருந்தாலும், பெற்றவருக்கு அந்த நோய் கூடுதலாக வரவில்லை. ரத்தத்தில் வராதது தம்ளரில் வந்துவிடுமா?

இரண்டாவது கேள்வி நீளமானது. ஆய்வகத்துக்காரர் யாராவது வருவார்.

#3 சும்மாவந்தவன்

டாக்டர் சொல்வது சரி. ஆனால் 'மேட் கௌ' நோயும் மடிப்புத் தவறிய புரதம்தானே? அது மட்டும் எப்படித் தொற்றியது?

#4 மூளைக்கீற்று

அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அது பிரையான் நோய். பாப்புவா நியூ கினியில் ஃபோரே மக்களிடம் 'குரு' என்ற நோய் இருந்தது. இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச்சடங்கில் மூளை வழியாகப் பரவியது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் இறந்தார்கள். அந்தச் சடங்கு 1950களின் கடைசியில் நின்றது. ஆனால் நோய் நிற்கவில்லை, சிலருக்கு 50 ஆண்டு கழித்தும் வந்தது. சிம்பன்சிக் குரங்குகளுக்கு இதைக் கடத்திக் காட்டிய கஜ்டுசெக்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி எதுவும் இல்லை, புரதமேதான் காரணம் என்று 1982இல் ஸ்டான்லி புரூசினர் சொல்லி, 'பிரையான்' என்று பெயரும் வைத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். 1997இல் அவருக்கும் நோபல் வந்தது. மாட்டிலிருந்து மனிதருக்கு வந்த வகையில் பிரிட்டனில் மட்டும் 178 பேர் இறந்தார்கள்.

அதிலும்கூட வழியைப் பாருங்கள்: உண்ட மூளைத் திசு, மாசுபட்ட இறைச்சி, அறுவைக் கருவி, ஊசி, சில பேருக்கு ரத்தம். ஒரே வீட்டில் இருந்ததால் வந்ததில்லை. பிரையான் அசாதாரணமாகக் கெட்டியான சரக்கு. ஃபார்மலினில் ஊறப்போட்டாலும் சாகாது ("சாகாது" என்பதே தப்பு, அதற்கு உயிரே கிடையாது). அந்த மூளை வந்தால் நாங்கள் ஃபார்மிக் அமிலத்தில் ஊறவைத்த பிறகுதான் வெட்டுவோம். பார்கின்சன் மூளைக்கு அப்படி எதுவும் செய்வதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் அக்கா அதையும் எங்காவது படித்துவிட்டுப் பயப்படுவார். 1959 முதல் 1985 வரை பிரிட்டனில் வளர்ச்சி குன்றிய 1,848 பேருக்கு, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். அதில் சிலருக்குப் பிரையான் நோய் வந்தது. 2024இல் அந்த ஊசி போட்டுக்கொண்ட ஐந்து பேருக்கு, இளம் வயதிலேயே அல்சைமரை ஒத்த மறதிநோய் வந்ததை லண்டன் குழு ஒன்று வெளியிட்டது. பல வருடம் திரும்பத் திரும்ப மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த முறை 1985இலேயே ஒழிந்துவிட்டது. தம்ளரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அக்காவிடம் கேளுங்கள்.

#5 சோதனைக்குழாய்

வந்துவிட்டேன். பார்கின்சனில் தவறாக மடியும் புரதத்துக்கு ஆல்ஃபா சைனூக்ளின் என்று பெயர். அதன் இழைகளைச் சோதனைக்குழாயில் வளர்ப்பதுதான் என் அன்றாட வேலை. (எங்களுக்கும் இழை, இந்த விவாதமும் இழை.)

அடுக்கு நாற்காலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. அமிலாய்டு இழை என்பது அப்படி ஓர் அடுக்கு. ஒவ்வொரு புரத மூலக்கூறும் தட்டையாக மடிந்து அடுத்ததன் மேல் படுக்கிறது, படிக்குப் படி இடைவெளி 0.48 நானோமீட்டர். இழையின் நுனி எப்போதும் திறந்தே இருக்கிறது. அடுத்து வரும் மூலக்கூறு அதே வடிவில் மடிந்தால்தான் அங்கே உட்கார முடியும். அதனால் நுனி ஓர் அச்சு மாதிரி வேலை செய்கிறது.

முதல் அடுக்கு தானாக உருவாவது மகா கஷ்டம். சுத்தமான புரதத்தை 37 டிகிரியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாலும் நாள்கணக்கில் ஒன்றும் நடக்காது. இழையின் அளவைக் காட்டும் கோடு திரையில் நேராகக் கிடக்கும். திடீரென்று ஒரு நாள் செங்குத்தாக ஏறும். அதே கரைசலில் முன்பே தயாரான இழைத்துண்டு கொஞ்சம் சேர்த்தால் காத்திருப்பே இல்லை, உடனே ஏற ஆரம்பிக்கும். அந்தத் துண்டுக்குத்தான் 'விதை' என்று பெயர். நீளமான இழையை அப்படியே போட்டால் மந்தமாக இருக்கும். ஒலி அலையால் பொடிப்பொடியாக உடைத்துப் போட்டால்தான் சூடு பிடிக்கும். உடைத்தால் நுனிகள் கூடுகின்றன, அவ்வளவுதான். புதிதாக வந்த ஆராய்ச்சி மாணவர் உடைக்க மறந்துவிட்டு இரண்டு மாதம் "வேலை செய்யவில்லை" என்று புலம்புவது எல்லா ஆய்வகத்திலும் நடக்கும். நானும் புலம்பியிருக்கிறேன்.

சரி, மூளையில் என்ன நடக்கிறது? 2008இல் இரண்டு மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் எழுதின. பார்கின்சன் நோயாளிகளுக்குக் கருவிலிருந்து எடுத்த இளம் நியூரான்களை மூளையில் வைத்திருந்தார்கள். 11 முதல் 16 ஆண்டு கழித்து அவர்கள் இறந்தபின் பார்த்தால், வைத்த செல்கள் சிலவற்றுக்குள்ளும் லூயித் திரள் இருந்தது. பார்கின்சன் மூளையின் அடையாளமே அந்த உருண்டைதான். அந்தச் செல்லுக்கு வயதே பதினாறு பதினேழுக்குள். முதுமையால் வந்தது என்று சொல்ல முடியாது.

2012இல் சாதாரண எலியின் மூளையில் ஒரே ஓர் இடத்தில் இழைத்துண்டுகளைச் செலுத்தினார்கள். சில மாதத்தில் அந்த இடத்தோடு நரம்பால் இணைந்த பகுதிகளில் திரள் தோன்றியது, பார்கின்சனில் அழியும் அதே டோபமின் செல்கள் செத்தன. ஆல்ஃபா சைனூக்ளினே இல்லாத எலிக்கு அதே ஊசி போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. இதைக் கவனியுங்கள்: விதை கெடுதல் செய்ய, உள்ளே அதே புரதம் இருக்க வேண்டும்.

#6 முட்டுக்கட்டை

தம்பி, நாற்காலி உவமை அழகுதான், ஆனால் நாற்காலி ஏற்கெனவே நாற்காலியாக இருக்கிறது. அடுக்கில் வைத்ததால் ஸ்டூல் நாற்காலி ஆகிவிடாது.

#7 சோதனைக்குழாய்

உண்மை அண்ணே, உவமை அங்கே நொண்டும். 140 அமினோ அமிலம் நீளமுள்ள இந்தப் புரதம் கரைசலில் தனியாக இருக்கும்போது அதற்கென்று நிலையான வடிவமே இல்லை, அவிழ்ந்த கயிறு மாதிரி அலையும். அந்தக் கயிறு அடுக்கைத் தொட்டதும் நாற்காலியாக மடிகிறது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது என்பதில் பல வழி சொல்கிறார்கள். செல் வெளியே தள்ளும் சிறு பைகளில், இரண்டு செல்களை இணைக்கும் மெல்லிய குழாய் வழியாக, செல் சாகும்போது கொட்டி. உள்ளே வாங்கும் வாசலும் ஒன்றல்ல. அல்சைமரில் திரளும் டாவ் புரதத்துக்கு எல்ஆர்பி1 என்ற வாங்கி முக்கியமான வாசல் என்று 2020இல் காட்டினார்கள். உள்ளே வந்ததும் அது செல்லின் குப்பைப் பைக்குள்தான் அடைபடுகிறது. பையைக் கிழித்து வெளியே வந்தால்தான் ஆபத்து. பெரும்பாலானது அங்கேயே அரைபட்டுப் போகிறது என்றுதான் நினைக்கிறேன்.

#8 சும்மாவந்தவன்

டாவ் என்று படித்ததும் கல்லூரிக் காலம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த டாவும் மூளையைக் கெடுத்தது.

#9 பாதித்தூக்கம்

😄 தேவைப்பட்டது, நன்றி.

ஒரு சந்தேகம். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததற்குப் பத்து வருடம் முன்னாலேயே மூக்கில் வாசனை தெரியவில்லை. எரிவாயு கசிந்து வீடே நாறியபோது அவர் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தூக்கத்தில் கத்துவார், காலை உதைப்பார். அம்மாவுக்கு ஒருமுறை உதடு கிழிந்தது. மலச்சிக்கல் எப்போதிருந்தே என்று கணக்கே இல்லை. இதெல்லாம் இந்தப் "பரவல்" கதைக்குள் வருமா, அல்லது நான் எல்லாவற்றையும் முடிச்சுப் போடுகிறேனா?

#10 மூளைக்கீற்று

நீங்கள் போடவில்லை, ஹைக்கோ பிராக் போட்டுவிட்டார். ஜெர்மானிய உடற்கூற்றியலாளர். இறந்தவர்களின் மூளைகளை வரிசைப்படுத்தி 2003இல் ஒரு படிநிலை சொன்னார். லூயித் திரள் முதலில் தோன்றுவது நுகர்ச்சிக் குமிழிலும், மூளைத்தண்டின் அடியில் வேகஸ் நரம்பு கிளம்பும் இடத்திலும். அந்த நரம்பு குடலுக்குப் போகிறது. அடுத்து தண்டில் மேலே ஏறுகிறது, தூக்கத்தில் உடலைக் கட்டிப்போடும் பகுதி அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் நடுமூளையின் கரும்பட்டை. கை நடுங்குவது அங்கே போய்ச் சேர்ந்தபின். உங்கள் அப்பா கதை அந்த வரிசைப்படியே இருக்கிறது: மூக்கு, குடல், தூக்கம், பிறகு கை.

அந்தக் கரும்பட்டையை நான் வெறும் கண்ணாலேயே பார்ப்பேன். நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு பக்கமும் மை தீட்டிய புருவம் மாதிரி தெரியும். பார்கின்சனில் அந்த மை அழிந்து வெளுத்திருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணம் பழகவில்லை.

அல்சைமரில் வரைபடம் வேறு. பிராக்கும் அவர் மனைவி ஈவாவும் 1991இல் சொன்னது: டாவ் முடிச்சுகள் நினைவு வாசலான என்டோரைனல் புறணியில் தொடங்கி, ஹிப்போகேம்பஸ் வழியாக, கடைசியில் புறணி முழுக்க. அல்சைமரில் திரளும் இன்னொரு புரதமான அமிலாய்டு பீட்டா வேறு வரிசையில் போகிறது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

#11 முட்டுக்கட்டை

இங்கேதான் நான் கட்டையைப் போடுகிறேன். எனக்கு இதில் வீட்டுக் காரணமும் உண்டு (அம்மா, அல்சைமர்), அதனால் பத்து வருடமாக இதைத்தான் படிக்கிறேன்.

பிராக் பார்த்தது ஒரே மனிதரின் மூளையை வருடாவருடம் அல்ல. வெவ்வேறு மனிதர்களின் கடைசி நாள் படங்களை வரிசையாக அடுக்கி "இது ஊர்வலம்" என்கிறோம். கணிசமான மூளைகள் அந்த வரிசைக்குள் அடங்குவதே இல்லை. அறுவைச் சிகிச்சையில் வேகஸ் நரம்பு அறுக்கப்பட்டவர்களுக்குப் பார்கின்சன் குறைவு என்று 2015இல் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது, எல்லோரும் கொண்டாடினார்கள். அதே நாட்டுத் தரவை வைத்து அதே வருடம் இன்னொரு குழு பார்த்தது, அந்த உறவு தெரியவில்லை. இரண்டாவதை யாரும் பகிரவில்லை.

என் வாதம் இதுதான்: மழை எல்லா வீட்டின் மேலும் பெய்கிறது, ஒழுகுகிற வீடு மட்டும் இடிகிறது. கரும்பட்டை டோபமின் நியூரானைப் பாருங்கள். எலியிலேயே ஒரு செல்லுக்கு லட்சத்துக்கு மேல் இணைப்புகள், மனிதரில் பத்து லட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பீடு. யாரும் கேட்காமலே ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும் செல். அது முதலில் விழுந்தால் அதிசயமா? பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு டோபமின் கூட்டம் அவ்வளவாகச் சாவதில்லை. பரவல்தான் எல்லாம் என்றால் அண்டை வீடு ஏன் தப்பியது? எல்ஆர்ஆர்கே2 மரபணுப் பிழையால் பார்கின்சன் வந்த சிலரின் மூளையில் லூயித் திரளே கிடையாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#12 சோதனைக்குழாய்

அண்ணே, எல்ஆர்ஆர்கே2 விஷயத்தில் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். இன்னும் சொல்லப்போனால் உங்களுக்கு ஆதாரம் எடுத்தும் தருகிறேன். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் விதை இருக்கிறதா என்று இப்போது சோதிக்க முடியும். நான் மேலே சொன்ன அதே தந்திரம்: நோயாளியின் நீரைச் சுத்தமான புரதத்தோடு கலந்தால், விதை இருந்தால் கோடு சீக்கிரம் ஏறும். 2023இல் 1,100க்கும் மேற்பட்டவர்களிடம் செய்தார்கள். பார்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்கு விதை தெரிந்தது. வாசனை போனவர்களிடம் அதைவிட அதிகம். எல்ஆர்ஆர்கே2 பிழை உள்ளவர்களிடம் கணிசமாகக் குறைவு. ஆக "பார்கின்சன்" என்று ஒரே பெயரில் நாம் கூப்பிடுவது ஒரே நோய் அல்ல.

ஆனால் அண்டை வீடு கேள்விக்கு என் பதில்: பரவல் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை, கம்பி இணைப்புள்ள வீட்டுக்குப் போகிறது. எலியில் பார்த்ததும் அதுதான். ஒட்டி இருந்தும் நரம்பால் இணையாத பகுதி தப்பிக்கிறது, தொலைவில் இருந்தும் இணைந்த பகுதி மாட்டிக்கொள்கிறது.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 2021இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அல்சைமர் மூளைகளின் டாவ் அளவுகளைக் கணிதத்தில் போட்டுப் பார்த்தது. நோய் பிராக் வரிசையின் மூன்றாம் படிநிலையை எட்டியபின் வேகத்தைத் தீர்மானிப்பது பகுதிக்குப் பகுதி தாவுவது அல்ல, அந்தந்த இடத்திலேயே பெருகுவதுதான் என்று வந்தது. இரட்டிப்பாக ஏறத்தாழ ஐந்து வருடம் ஆகிறதாம். என் சோதனைக்குழாயில் ஒரு பிற்பகலில் முடிவது அங்கே ஐந்து வருடம். அப்படியென்றால் உயிருள்ள நியூரான் எவ்வளவு பலமாக எதிர்த்துக்கொண்டே இருக்கிறது பாருங்கள். விதை மழை, எதிர்ப்பு கூரை. இரண்டும் வேண்டும்.

#13 முட்டுக்கட்டை

ஐந்து வருடம் என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்படியானால் விதை எல்லா இடத்துக்கும் எப்போதோ போய்விட்டது, சண்டை உள்ளூரில்தான். நான் சொன்னதில் பாதி அதுதானே. பாதி ஏற்றுக்கொண்டதாக எழுதிக்கொள்ளுங்கள், மீதிக்கு வட்டி போடுகிறேன்.

#14 மூளைக்கீற்று

இடையில் ஒன்று. "டாவ் திரள்" என்று ஒரே பெயரில் சொல்வதும் சரியல்ல. 2017இல் கேம்பிரிட்ஜில் அல்சைமர் மூளையிலிருந்தே எடுத்த டாவ் இழையை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சி எழுத்து மாதிரி மடிந்திருந்தது. அடுத்த வருடம் இன்னொரு மறதிநோயான பிக் நோயின் டாவைப் பார்த்தால் மடிப்பே வேறு. அதே புரதம், வேறு நாற்காலி, வேறு நோய். வயதானவர் மூளையில் பெரும்பாலும் இரண்டு மூன்று புரதங்கள் சேர்ந்தே திரண்டிருக்கும். மருத்துவர் எழுதித் தரும் ஒற்றைப் பெயர் என் மேசையில் அபூர்வமாகத்தான் அப்படியே நிற்கிறது.

#15 சும்மாவந்தவன்

சரி, விதையைப் பிடித்து வெளியே தள்ளும் மருந்து?

#16 முட்டுக்கட்டை

என்னிடம் கேட்டதற்கு நன்றி, கசப்பாகத்தான் சொல்வேன். செல்லுக்கு வெளியே வரும் ஆல்ஃபா சைனூக்ளினைப் பிடிக்கும் எதிர்ப்பொருளான பிராசினெசுமாப், நடுக்கட்டச் சோதனையில் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. டாவுக்கு எதிரான முதல் தலைமுறை எதிர்ப்பொருள்களும் பெரும்பாலும் தோற்றன. அமிலாய்டு பீட்டாவுக்கு எதிரான லெகானமாப் 2023இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது என்று தலைப்புகள் வந்தன. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி. கூடவே எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது. அம்மாவுக்கு அது கிடைத்திருந்தால் வாங்கியிருப்பேனா? தெரியாது. வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அது வேறு விஷயம்.

#17 சோதனைக்குழாய்

பிடிப்பதற்குப் பதில், கயிறு வருவதையே குறைப்பது இன்னொரு வழி. பிரையான் தொற்றிய எலிகளில் நியூரான் தயாரிக்கும் நல்ல புரதத்தை நடுவழியில் நிறுத்தினார்கள், 2003இல். ஆரம்பக்கட்டச் சேதம் திரும்பச் சரியானது. மூலப்பொருள் இல்லாமல் அடுக்கு வளராது. எஸ்ஓடி1 மரபணுப் பிழையால் வரும் தசைச்சிதைவு நரம்பு நோய்க்கு அதே கொள்கையில் டோஃபெர்சன் 2023இல் அனுமதி பெற்றது. ஹண்டிங்டன் நோய்க்கு அதே கொள்கையில் வந்த மருந்தின் பெரிய சோதனை 2021இல் நிறுத்தப்பட்டது. அண்ணன் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

#18 பாதித்தூக்கம்

அக்கா நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தாள். #2ஐ இரண்டு முறை படித்தாள், #4இல் ஹார்மோன் ஊசி பற்றி மூன்று முறை. நாற்காலிக் கதையை அவள் மகன் கேட்டு வாங்கிக்கொண்டான், அதுவும் தாத்தா மடியில் உட்கார்ந்துகொண்டு. தம்ளர் அலமாரிக்குத் திரும்பியது. அப்பா அதையும் கவனித்தார்.

அக்காவின் கேள்வி இப்போது மாறிவிட்டது. #12இல் சொன்ன முதுகு ஊசிச் சோதனையை நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளலாமா என்கிறாள்.

#19 மூளைக்கீற்று

அறிகுறி இல்லாதவர்களுக்கு ஆய்வுக்கு வெளியே அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விதை இருக்கிறது என்று வந்தால் இன்றைக்குக் கொடுக்க மருந்து இல்லை. இருந்தும் எத்தனை வருடம் கழித்து நோய் வரும், வருமா என்றும் அந்தக் கோடு சொல்லாது. பெரும்பாலான பார்கின்சன் பரம்பரையாக வருவதும் இல்லை. குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ, இளம் வயதில் வந்திருந்தாலோ மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அப்பா இன்னும் தூக்கத்தில் உதைக்கிறார் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. கட்டில் பக்கத்தில் கூரான மேசையோ கண்ணாடி விளக்கோ இருந்தால் இன்று ராத்திரிக்குள் நகர்த்திவிடுங்கள்.

#20 பாதித்தூக்கம்

கண்ணாடி விளக்கு இருக்கிறது டாக்டர். எழுந்து போகிறேன்.